மருமகளை யாரிடம் அனுப்புவது?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சாந்தி,

நலம். நீயும் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஓய்வு பெற்ற பின்னும் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறாய் என்று வாசித்தபோது மனம் நிறைந்தது. இங்கே ஆடிவேல் முடிந்து காலி வீதி பழைய நெரிசலுக்குத் திரும்பிவிட்டது. எனக்கும் வேலை குறையவில்லை. மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் மருமகளைப் பற்றி நீ கேட்டதற்கு இன்று ஆறுதலாக இருந்து பதில் எழுத வேண்டும்.

வங்கியில் பதவி உயர்வு கிடைத்த பிறகு கூட்டங்களில் அவளால் வாய் திறக்க முடியவில்லை என்றும், அலுவலகத்தில் யாரோ ஒரு கோச்சிடம், அதாவது பேசிப் பேசித் திறனை வெளிக்கொணரும் பயிற்றுநரிடம், போகச் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தாய். கோச்சிங், உளவளத்துணை (கவுன்சலிங்), உளச்சிகிச்சை, துறைசார் ஆலோசனை எல்லாமே ஒருவர் முன்னால் இருந்து பேசுவதுதானே, இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்றும் கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. கதவோரம் நின்று பத்து நிமிடம் பார்த்தால், இத்தனை ஆண்டுகள் கோச்சிங் தொழிலில் இருக்கும் எனக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். தீர்ப்புச் சொல்லாமல், குறுக்கே விழாமல், வந்தவரின் மனத்தை அவருடைய இடத்தில் இருந்து விளங்கிக்கொள்ளும் அந்தக் கேட்கும் முறையைக் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் வகுத்தார். உளவளத்துணையாளர்கள் அதை முதலில் எடுத்துக்கொண்டார்கள், பின்னர் கோச்சுகளும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பேசும் விதத்தில் வேறுபாட்டைத் தேடினால் அகப்படாது. எதற்காகச் சந்திக்கிறோம் என்று இருவரும் தொடக்கத்தில் எதை ஒப்புக்கொண்டார்கள், எந்தப் பொறுப்பு யாருடையது என்பவற்றில்தான் அது இருக்கிறது.

சிகிச்சை கடந்த காலத்தைப் பற்றியது, கோச்சிங் எதிர்காலத்தைப் பற்றியது என்று பலரும் சொல்வார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையும் அதிலிருந்து வளர்ந்த முறைகளும் பெரும்பாலும் இன்றைய எண்ணங்களையும் இன்றைய நடத்தையையும்தான் எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சிகூடக் கொடுக்கின்றன. மறுபுறம், தந்தையின் கண்டிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், மேலதிகாரியைக் கண்டு நடுங்கும் ஒருவரோடு கோச் எவ்வளவு தூரம் போக முடியும்? உளச்சிகிச்சையை வேறாக்குவது காலம் அல்ல. அங்கே ஒரு நோயோ ஆழ்ந்த துன்பமோ இருக்கிறது. அதை இனங்காணவும் குணப்படுத்தவும் பயின்ற ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். வந்தவரின் உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பதும் அவருடைய கடமை. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்கிறார்கள். கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட எந்தச் சட்டமும் தகைமை கேட்பதில்லை.

கோச்சிங் விளையாட்டு மைதானத்தில் இருந்து வந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்கலாம். திமொதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்றுநர், தான் திருத்தம் சொல்லச் சொல்ல ஆட்டக்காரரின் உடல் இறுகிப்போவதைக் கவனித்தார். கையை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்று சொல்வதை விட்டுவிட்டு, பந்து தரையில் படும்போது ஒரு சொல்லும் மட்டையில் படும்போது ஒரு சொல்லும் உரக்கச் சொல்லும்படி மட்டும் கேட்டார். கவனம் பந்தின் மீது போனதும் ஆட்டம் தானாகத் திருந்தியது. 1974இல் அவர் அதை நூலாக எழுதினார். கார்ப் பந்தய வீரராக இருந்த ஜோன் விட்மோர் இதை அலுவலகங்களுக்குக் கொண்டுசென்று 1992இல் தம் நூலை வெளியிட்டார். எதை அடைய விரும்புகிறாய், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறாய் என்று அவர் பரப்பிய கேள்வி வரிசையைத்தான் இன்றும் பெரும்பாலான கோச்சுகள் முதலில் கற்கிறார்கள். இதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: எதிரே இருப்பவரிடம் ஆற்றல் இருக்கிறது, அதை ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்த நம்பிக்கை பொருந்தும் இடத்தில் கோச்சிங் மிக நல்ல வேலை செய்வதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பொருந்தாத இடத்தில் அது ஆபத்தாகிவிடும்.

ஆலோசகரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புறக்கோட்டைப் புடவை வியாபாரி ஒருவருக்குக் கணக்கு முறையைக் கணினிக்கு மாற்ற வேண்டுமென்றால், அது தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வியாபாரியிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய நேரத்தை வீணாக்குவது. விடை ஆலோசகரிடம் இருக்கிறது, அதற்குத்தான் கூலி.

உளவளத்துணைக்குத்தான் எல்லை போடுவது கடினம். பிரிவு, இழப்பு, குடும்பப் பிணக்கு, பரீட்சைத் தோல்வி என்று வாழ்க்கை ஒருவரை உலுக்கும்போது, சாய்வதற்கு ஒரு தோளாகவும் தெளிவதற்கு ஒரு துணையாகவும் இருப்பது அது. போரும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியும் நம் மக்களுக்கு அதன் தேவையை உணர்த்தின. உங்கள் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் சுனாமிக்கு முன்பிருந்தே இந்தப் பணியைச் செய்துவருகிறது. அனுபவமுள்ள உளவளத்துணையாளரின் வேலை சில வேளைகளில் சிகிச்சைக்கு மிக அருகே போய்விடும் என்பதையும் மறுக்க முடியாது. இங்கே 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கட்டணமின்றி இருந்து கேட்கிறார்கள். அதற்கு உளவளத்துணை என்று பெயர் சொல்வதா இல்லையா என்பது எனக்கு முக்கியமல்ல. அந்த நேரத்தில் கேட்க ஒருவர் இருந்ததால் உயிரோடு இருப்பவர்கள் உண்டு.

இனி, என்னைக் கவலைப்படுத்தும் விடயத்துக்கு வருகிறேன். கொழும்பில் இன்றும் ஒருவரைக் கேலி செய்ய அங்கொடையின் பெயரைச் சொல்கிறார்கள். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவனம், ஆயிரக்கணக்கானோரைத் தேற்றி அனுப்பிய இடம், ஆனாலும் அந்தப் பெயரின் மீது ஏற்றிய வெட்கம் இறங்கவில்லை. கோச்சிடம் போவதில் அப்படி ஒரு வெட்கமும் இல்லை, சொல்லப்போனால் அலுவலகத்தில் அது ஒரு பெருமை. அதனால் வைத்தியரிடம் போக வேண்டியவர்கள் கோச்சிடம் வருகிறார்கள். எழுந்து குளிக்கவே முடியாத ஒருவரிடம் அடுத்த காலாண்டின் இலக்கு என்ன என்று கேட்டால், அவர் அதையும் ஒரு தோல்வியாகத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இது எனக்குத் தாங்க முடியாத விடயம், சாந்தி.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில், அவள் சரியாக உறங்குவதில்லை, மெலிந்துவிட்டாள், விருப்பமான வீணையைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருந்தாய். கூட்டத்தில் பேசாததைவிட அந்த மூன்று வரிகள்தான் எனக்கு முக்கியம். மனச்சோர்வும் எதிலும் நாட்டமின்மையும், உறக்கம் பசி ஆகியவற்றின் குழப்பத்தோடு சேர்ந்து, இரண்டு கிழமைக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி நீடித்தால், அதை வைத்தியர் பார்க்க வேண்டும். நோய் என்று நான் முடிவு சொல்லவில்லை, அது என் வேலையுமல்ல. தைரொயிட் குறைபாடுகூட இப்படிக் காட்டலாம். முதலில் குடும்ப வைத்தியர், அவர் சொன்னால் மனநல வைத்தியர் அல்லது மருத்துவ உளவியலாளர். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு சொல் அவள் வாயில் வந்தாலும் காத்திருக்காதே. 1926 என்ற இலக்கத்தில் மனநல நிறுவனத்தை இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம்.

அவள் தேறிய பிறகும் கூட்டத்தில் பேசும் தயக்கம் மிஞ்சியிருந்தால், அது கோச்சிங்குக்கு மிகப் பொருத்தமான விடயம். வைத்தியர் சம்மதித்தால் இரண்டும் ஒன்றாகவும் நடக்கலாம். அப்போது அந்தக் கோச்சிடம் அவள் கேட்கட்டும்: எங்கே பயின்றீர்கள், எத்தனை மணி நேரம் இந்த வேலை செய்திருக்கிறீர்கள்? 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனம் தன் முதல் நிலைச் சான்றிதழுக்கே 100 மணி நேர அனுபவம் கேட்கிறது, உயர் நிலைக்கு 2,500 மணி நேரம். எப்போது ஒருவரை வைத்தியரிடம் அனுப்புவீர்கள் என்றும் கேட்கட்டும். அதற்குத் தடுமாறாமல் விடை சொல்லாதவரிடம் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

கட்டணத்தை வங்கி கொடுப்பதானால் இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். அங்கே கோச்சுக்கும் அவளுக்கும் அப்பால் மூன்றாவது ஆளாக நிறுவனம் இருக்கிறது. அறையில் பேசுவதில் எது மேலதிகாரிக்குப் போகும், எது போகாது என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே மூவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல கோச் இதைத் தானே எடுத்துச் சொல்வார். சொல்லவில்லையென்றால் அவள் வீட்டுத் துயரத்தைப் பற்றி அங்கே வாய் திறக்க வேண்டாம்.

அவளுக்கு என்னையே கோச்சாக இருக்கும்படியும் கேட்டிருந்தாய். முடியாது என்பதைக் கோபிக்காமல் ஏற்றுக்கொள். அவள் உன்னை மாமி என்றும் என்னை அன்ரி என்றும் அழைத்து வளர்ந்த பிள்ளை. என்னிடம் சொல்வது உனக்கு வந்துவிடுமோ என்று அவள் யோசிப்பாள், அவள் விரும்பும் முடிவை விட்டு எனக்குப் பிடித்த முடிவை நோக்கி நானும் இழுப்பேன். அன்ரியாக என்னால் செய்யக்கூடியது உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வரச் சொல். வைத்தியரிடம் தனியாகப் போகத் தயங்கினால் கூடப் போய் வெளியே வாங்கில் காத்திருப்பேன். அவளிடம் நீ முதலில் பேசிவிட்டு எனக்கு ஒரு அழைப்பு எடு.

அன்புடன்,
வசந்தி