தம்பிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நீ காதலித்த பிள்ளை உன்னை வேண்டாம் என்று விட்டுப் போனதைச் சொல்லி, போன வியாழக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ போனில் அழுதபோது எனக்குப் பேச்சே வரவில்லை. "சரி ராசா, தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று மட்டும் சொன்னேன். நீ வைத்த பிறகு விடியும்வரை கண்ணை மூடவில்லை. கடைசியாக நீ சொன்னதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது: "ஒருநாள் அவ ஆபீஸ் வாசல்ல போய் நிக்கப்போறேம்மா. என்னை நேர்ல பாத்தா மனசு மாறிடும்."

"நெஞ்சுக்குள்ள நெசமாவே வலிக்குது" என்றாய். நம்புகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவள் நான். என்னிடம் வந்ததெல்லாம் முதுகுவலிக்காரர்களும் மூளைக்கட்டிக்காரர்களும்தான். ஆனால் அதே மெஷினில் காதலில் இருப்பவர்களைப் படுக்கவைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரின் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 15 பேர். காதலித்தவர் விட்டுப் போய் சராசரியாக இரண்டு மாதம் ஆகியும் மனசு விடாதவர்கள். விழித்திருக்கிற நேரமெல்லாம் கிட்டத்தட்ட அதே நினைப்பு. விட்டுப் போனவரின் போட்டோவைக் காட்டினார்கள். நடுவில் மனசைக் கலைக்க, ஒரு பெரிய எண்ணிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எண்ணச் சொன்னார்கள்.

போட்டோவைப் பார்த்ததும் நடுமூளையில், ஆசையைத் தூண்டுகிற டோபமைன் என்கிற ரசாயனம் புறப்படுகிற ஒரு சின்ன இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடியது. 2005-ல் காதல் கைகூடிய 17 பேரைப் பார்த்தபோதும் இதே இடம்தான். அந்த 15 பேருக்குக் கூடவே, கொக்கெயின் போதை பழகியவர்களுக்கு ஏக்கம் எடுக்கும்போது கிளர்கிற இடமும், உடம்பு வலியோடு சம்பந்தப்பட்ட இடங்களும் சேர்ந்துகொண்டன. அந்த நடுமூளை இடம் "வேணும், வேணும்" என்று கேட்கிற இடம். கிடைக்கவில்லை என்றாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். உன் கை தானாகப் போனை எடுத்து அந்தப் பிள்ளையின் படத்தைத் தேடுகிறதே, அது இதனால்தான். நீ கோழை இல்லை, ராசா. உனக்குப் பைத்தியமும் இல்லை.

ஆனால் உன் தாகம் உன் தொண்டையைப் பற்றித்தான் சொல்லும். குடம் யாருடையது என்று அதற்குத் தெரியாது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 1986-ல் எனக்குப் பத்தொன்பது வயது. படிப்புக்காகத் தினமும் பெரியார் நிலையத்தில் பஸ் மாறுவேன். டீக்கடைத் தூணில் சாய்ந்துகொண்டு ஒருவன் நிற்பான். நீலக் கட்டம் போட்ட சட்டை, மடித்துவிட்ட கை. முதல் மாசமே, எனக்கு இஷ்டமில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். எட்டு மாசம் நின்றான். மழையில் நின்றான். ஒருநாள்கூட என்னைத் தொட்டதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நான் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தேன். குடையை மடக்கியே வைத்திருப்பேன், அடிக்க ஏதாவது கையில் இருக்கட்டும் என்று. வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவனைக் கேட்கமாட்டார்கள், என் படிப்பை நிறுத்துவார்கள். அடுத்த தெருப் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. அவனுக்கு அது காதலாக இருந்திருக்கும். அவன் நெஞ்சும் உன் நெஞ்சு மாதிரியே வலித்திருக்கும். எனக்கு இன்றைக்கும் நீலக் கட்டம் போட்ட சட்டை பிடிக்காது. உனக்கு நான் அப்படி ஒன்று எடுத்ததே இல்லை, யோசித்துப் பார்.

விடாமல் பின்னால் சுற்றினால் பெண் மனசு இளகும் என்று நம்மூர்ப் பையன்களுக்கு யாரெல்லாமோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். உன்னை உட்காரவைத்து நான் எதிர்ப்பாடம் சொல்லவில்லை, அது என் தப்பு. பின்தொடர்வது குற்றம் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நீ அந்த வாசலுக்குப் போகாமல் இருப்பது சட்டத்துக்குப் பயந்ததாக இருக்க வேண்டாம். உன்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறு வழியில் போகுமே, அதை நினைத்துப் போகாமல் இரு.

அந்த 15 பேரில் பிரிந்து நாள் அதிகம் ஆனவர்களுக்கு, பிணைப்போடு சம்பந்தப்பட்ட ஓர் இடத்தில் கிளர்ச்சி குறைந்திருந்தது. நாள் போகப்போக அடங்குகிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். போட்டோதான் அந்த இடத்தைக் கிளப்பியது என்பதையும் மறக்காதே. அதனால் படங்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு எனக்குக் கொரியரில் அனுப்பிவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிடு. நான் திறந்து பார்க்கமாட்டேன். ராத்திரி தாங்கமுடியவில்லை என்றால் நீயும் ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழி.

ஸ்கேனுக்கு வருகிற அம்மாக்கள் தாலிக்கொடியைக் கழற்றத் தயங்குவார்கள். மஞ்சள் கயிறு கட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம். ஒரு அம்மாவுக்கு அந்தக் குழாய்க்குள் போகவே பயம். இரண்டு தடவை வெளியே எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை, "அவரை வரச்சொல்லு" என்று அந்த அம்மாவாகவே கணவரைக் கேட்டார். உள்ளே போனபின் வெளியே தெரிந்தது பாதம் மட்டும்தான். கணவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெருவிரலைப் பிடித்துக்கொண்டார். மெஷின் போட்ட சத்தத்தில் பேசினாலும் கேட்காது. இருபத்தைந்து நிமிஷம் அந்த அம்மா அசையவில்லை. 2006-ல் அமெரிக்காவில் 16 மனைவிகளுக்கு ஷாக் அடிக்கப்போகிறது என்று பயம்காட்டி மூளையைப் பார்த்தார்களாம். கணவர் கையைப் பிடித்திருந்தபோது பயம் நன்றாகத் தணிந்தது, இல்லறம் இனித்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. படித்தபோது எனக்கு அந்தப் பெருவிரல்தான் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவே கேட்டு வாங்கிய கை அது.

உன் கையையும் ஒருத்தி கேட்பாள். அது எந்த ஊர், எந்தச் சாதி என்று நானும் அப்பாவும் கேட்கமாட்டோம், இதை எழுத்திலேயே வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறு. அப்பாவிடம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நான் மட்டும் வருகிறேன். அழ வேண்டியதை ஆட்டோவிலேயே அழுதுவிடலாம்.

அம்மா