ஹைட்ரேட் ஆய்வில் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். இயற்கை எரிவாயுவை ஹைட்ரேட்டாக்கி, அதாவது நீர் மூலக்கூறுகளின் கூட்டுக்குள் வாயு சிறைப்பட்ட பனிக்கட்டி போன்ற திடப்பொருளாக்கிச் சேமிப்பது, கொண்டுசெல்வது பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு நிறைவடைந்துவிட்டது. வாய்மொழித் தேர்வும் முடிந்தது.

முதல் நன்றி எங்கள் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பருக்கு. இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறு மீத்தேன். 4 டிகிரி செல்சியஸில் மீத்தேன் ஹைட்ரேட் உருவாக 40 பார் அழுத்தமாவது வேண்டும். அந்த அழுத்தத்தில் கசிவு இருந்தால் சோதனையும் வீண், ஆபத்தும் கூட. ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, ஒரு குமிழிகூட எழவில்லை என்று பார்த்த பிறகே வாயுவைத் திறக்க விடுவார். அண்ணா, உங்கள் கண்டிப்பால்தான் என் அளவீடுகளை நம்ப முடிந்தது.

அடுத்து, ஓய்வுபெற்ற அந்தக் குழாய்வழிப் பொறியாளர் ஐயா. எரிவாயுக் குழாய்களை அடைப்பது ஹைட்ரேட்தான் என்று ஹேமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1934இல் காட்டினார். அந்த அடைப்பைத் தடுக்க மெத்தனால் செலுத்துவதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர், அதே பொருளை வேண்டுமென்றே வளர்க்கும் எனக்கு மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். அடைப்பின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால் அது குண்டு போலப் பாயும், இருபுறமும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்பதை அவர் சொன்ன விதம் மறக்காது.

என் நெறியாளருக்கு வெறும் நன்றி போதாது. ஒரே நீர், ஒரே வாயு, ஒரே அழுத்தம். ஆனாலும் ஒருநாள் சில நிமிடங்களில் படிகம் தோன்றும், மறுநாள் பொழுது சாய்ந்தும் தோன்றாது. அவசரப்படுத்தாமல், "மறுபடி செய்து பாருங்கள், சராசரியை நம்புங்கள்" என்றார். வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 80 டிகிரிக்கு மேல் சிதைய வேண்டிய மீத்தேன் ஹைட்ரேட், மைனஸ் 20ஐ ஒட்டி மிக மெதுவாகவே சிதைகிறது. இந்தத் தற்காப்புப் பண்பை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னவரும் அவரே. இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கி வைக்கவோ மைனஸ் 162 டிகிரி வேண்டும். ஒரு கனமீட்டர் ஹைட்ரேட்டில் அடங்கும் வாயு, சாதாரண அழுத்தத்தில் அளந்தால், 160 கனமீட்டர் அளவுதான், திரவத்தில் அடங்குவதைவிட மிகக் குறைவு. ஆனாலும் குளிரூட்டும் சுமை இவ்வளவு குறைவதால், சிறு எரிவாயு வயல்களுக்கு இது ஏற்ற வழி என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவுச் சோதனைகளில் என் முறையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சக ஆய்வாளர்களுக்கும், கேட்காமலேயே வீட்டுப் பொறுப்பு முழுவதையும் சுமந்த குடும்பத்தாருக்கும் என் அன்பு.

அழுத்த, வெப்பநிலைப் பதிவுகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்திருக்கிறேன். இப்பணியைத் தொடர்பவர் யாராயினும் எடுத்தாளலாம், சந்தேகம் இருந்தால் தயங்காமல் என்னைக் கேட்கலாம்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவி