பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடல் கடந்து போன தமிழர்களைப் பற்றி இப்போது வரும் ஆய்வுகளை அறிமுகப்படுத்தி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1942-இல் பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே ஊர் திரும்பியதற்கு அதில் ஒரே ஒரு பத்தி. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

என் அய்யா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடை நடந்த கட்டிடத்தில், சமையலாள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது என்பார். பிப்ரவரியில் கிளம்பியிருக்கிறார். மாந்தளை வரை ரயில், மோன்யுவாவிலிருந்து சிந்த்வின் (Chindwin) என்ற பர்மா ஆற்றில் படகு, கலேவாவில் இறங்கியதும் நடை. தமு, பாலேல், இம்பால் என்று மலையேறி இறங்கி, "மணிப்பூர் ரோடு" ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதாராம். அது திமாப்பூர் என்று பின்னாளில் அட்லஸில் தேடித்தான் கண்டுபிடித்தேன். சோறு பொங்க ஒரு பால் டின், முந்தியில் முடிந்த உப்பு, அவ்வளவுதான் கையில். வழியெல்லாம் காலரா. கூட வந்த பெட்டியடிப் பையனுக்கு, கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தவன், 15 வயது இருக்கும். தமு தாண்டி ஒரு மரத்தடியில் அவனை விட்டுவிட்டு வந்ததைச் சொல்லும்போது மட்டும் பாதியில் எழுந்து போய்விடுவார். அந்தப் பையன் பேர் என்ன, எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை. இந்த 67 வயதில் அது என்னை உறுத்துகிறது.

அப்படி வந்தவர்கள் நான்கைந்து லட்சம் பேர். வழியில் செத்தவர்கள் பத்தாயிரம் என்பவர்களும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பவர்களும் உண்டு. கணக்கில் இவ்வளவு வித்தியாசம் வருகிறதென்றால், அந்த ஏழைகளை யாரும் எண்ணவில்லை என்றுதானே அர்த்தம்? வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு வேறு வழி என்று அப்போதே பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். 1975-இல்தான் ஹியூ டிங்கர் என்ற வரலாற்றாசிரியர், மறக்கப்பட்ட நெடும்பயணம் என்று பேர் வைத்து இதை விரிவாக எழுதினார். 2013-இல் சுனில் அம்ரித் வங்காள விரிகுடாவின் கதையோடு சேர்த்துச் சொன்னார். இருவருக்கும் என் நன்றி.

ஆனால் ஒன்று. கீழ்ப் பர்மாவின் நெல் வயலில் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது, அது போனது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பத்திரமும் பேரேடும் இருந்ததால் அதை எழுத முடிகிறது. சமையலாளுக்கு ஏது பேரேடு? அய்யாவின் தகரப் பெட்டியில் ரங்கூன் முத்திரை குத்திய நாலைந்து கார்டுகளும் ஒரு சிட்டை நோட்டும் இருந்தன. நான் வெளியூரில் வேலை பார்த்த காலத்தில், வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. அது வரலாறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

எங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். மற்றவர்கள் தூக்கிப் போடும் கல்யாணப் பத்திரிகையையும் நோட்டீஸையும் கூடச் சேர்த்து வைத்தார். இன்று சென்னை தரமணியில் அவர் பேரில் உள்ள நூலகத்துக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

நடந்து வந்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கே எண்பது தாண்டிவிட்டது. அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த நாங்கள் இன்னும் இருக்கிறோம். வாசகர்கள் தங்கள் வீட்டுப் பர்மா கதையை, பேர், ஊர், வந்த வழியோடு எழுதி அனுப்பும்படி உங்கள் பத்திரிகையில் ஒரு அறிவிப்பு போடுங்கள். பழைய கடிதங்கள் இருந்தால் போகிக்குள் பத்திரப்படுத்தவும் சொல்லுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் காரைக்குடிப் பக்கம் இருந்தால் நானே நேரில் போய்க் கேட்டு எழுதித் தருகிறேன். அந்தப் பையன் வீட்டார் யாராவது இதைப் படித்தாலும் படிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி