கதவைத் திறந்துவிட்ட எல்லோருக்கும்

வணக்கம்.

வீடுகளில் வீணாகும் மின்சாரத்தைக் குறைக்கலாம் என்று நாங்கள் கிளம்பியபோது கையில் இருந்தது ஆர்வம் மட்டும்தான். எந்தக் கதவைத் தட்டினாலும், "என்ன விக்க வந்திருக்கீங்க?" என்றுதான் கேட்டார்கள். அரசு நிதியுதவி கிடைத்த பிறகுதான் ஒரு சாதனம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் வாட்மீட்டர்கள் ஆறு வாங்கினோம், தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். கூடவே துறையிலிருந்து ஒரு பக்கக் கடிதமும் தந்தார்கள். உண்மையைச் சொன்னால், பணத்தைவிட அதிகக் கதவுகளைத் திறந்தது அந்தக் கடிதம்தான். நிதிக்கான விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் நின்ற எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தந்த அலுவலருக்கு முதல் நன்றி.

வேலை முடிந்த களைப்போடு வந்து, பழைய ஒயரிங்கைப் பார்த்துக்கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும், வெயில் பாராமல் கூடவே நடந்த மாணவர்களுக்கும் நன்றி.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பின் தெரியாத எங்களை அடுப்படி வரை விட்டு, கரண்ட் பில்லையும் எடுத்துக்காட்டிய குடும்பங்களுக்கு. ஒரு பாட்டி வீட்டில் ரிமோட்டால் அணைத்த செட்டாப் பாக்ஸை வாட்மீட்டரில் சொருகினோம். 11 வாட் காட்டியது. "அதான் அணைச்சாச்சே, அப்புறம் எதுக்கு ஓடுது?" என்றார். நாள் முழுக்க அப்படியே கிடந்தால் மாதம் கிட்டத்தட்ட 8 யூனிட் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். இன்னொரு வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்தால், பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் தேய்ந்திருந்தது; அதன் வழியே குளிர் கசிந்தால் ஃப்ரிட்ஜ் கூடுதல் கரண்ட் இழுக்கும். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தரும் என்பதை நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இந்த ரப்பர் விஷயம் பலருக்குப் புதிது.

அரசுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. அடுத்த பில் வந்ததும் மறுபடி போய் உட்கார்ந்து பேசிய வீடுகளில்தான் பழக்கம் மாறியது. வரும் நிதியில் அந்த இரண்டாவது வருகைக்கும் இடம் ஒதுக்குங்கள்.

வாட்மீட்டர்கள் எங்களிடம்தான் இருக்கின்றன. வேண்டியவர்கள் ஒரு வாரம் வைத்திருந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், கட்டணம் கிடையாது.

அன்புடன்,
குழுத் தொண்டர்கள்