பழைய பெட்டிக்குப் புது ஓலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வாசகர்கள் தங்கள் வீட்டுப் பழைய பொருட்களையும் தாங்களே செய்த கைவேலைகளையும் படம் எடுத்து அனுப்பியிருந்ததைப் போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் கைமாறிக் கைமாறி அந்தப் பக்கங்களின் ஓரமே மடங்கிவிட்டது. வெற்றிலைச் செல்லம், அஞ்சறைப்பெட்டி, பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு, பேரனுக்காகத் தாத்தா செய்த நடைவண்டி, இப்படி விலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொருவரும் தன் பொருளைப் பற்றி எழுதியிருந்த இரண்டு மூன்று வரிகளைப் படிக்கும்போது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது போல இருந்தது. தயவுசெய்து இதை ஒரு இதழோடு நிறுத்திவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம், கூடவே எங்கள் பக்கத்துச் சங்கதிகள் கொஞ்சம்.

நான் இருப்பது சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு கிராமம். முன்னால் மன்னார் வளைகுடா, பின்னால் பனங்காடு. எங்கள் ஊரில் கையால் செய்கிற சாமான் என்றால் ஒன்று கடலோடு சேர்ந்ததாக இருக்கும், இல்லையென்றால் பனையோடு. பதநீர் காலம் வந்துவிட்டால் பனையேறிகள் வீட்டில் விடிந்ததிலிருந்து காய்ச்சுகிற வேலைதான். பாகைச் சிரட்டையில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்து, அந்தக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் அடுக்குவார்கள். சில்லுக்கருப்பட்டிக்குச் சின்னக் கொட்டான். அந்த ஓலை வாசம் ஏறிய கருப்பட்டியைத் தின்றவர்களுக்குத்தான் பாலிதீன் பையில் வருவதில் என்ன குறைகிறது என்று தெரியும்.

எங்கள் அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த மூடிபோட்ட ஓலைப்பெட்டி ஒன்று இன்னும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. சுக்கு, வசம்பு, ஓமம், திப்பிலி என்று மருந்துச் சாமான் எல்லாம் அதில்தான். தெருவில் யார் வீட்டில் பிள்ளைக்கு வயிறு பொருமினாலும் எங்கள் பெட்டியைத் தேடித்தான் வருவார்கள். போன கோடையில் அதன் அடிப்பக்கம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. அம்மா அதைத் துணியில் கட்டிப் பரண்மேல் வைத்துவிடலாம் என்றார், எங்கள் சித்திதான் விடவில்லை.

சித்தி அதைச் சரிசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பக்கங்களில் நான் தேடியது இதைத்தான். முதலில் குருத்தோலை வேண்டும். முற்றிய ஓலை மடக்கினால் முறியும். குருத்தை வெயிலில் காயவைத்தால் வெளுத்து வரும், ஈர்க்கை உருவிப் போட்டுவிட்டு ஒரே அகலத்துக்குக் கிழித்து வார வேண்டும், பிறகு தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் துணிமாதிரி வளையும். பழைய பெட்டிக்கும் தண்ணீர் தெளித்து இளக வைத்தார். அப்புறம் பழைய ஓலை போன வழியிலேயே, ஒன்றின் மேலே ஒன்றின் கீழே என்று, புது ஓலையை ஓட்டிக்கொண்டு போனார். மூலை திரும்புகிற இடத்தில்தான் வேலை, அங்கே இழுத்துப் பிடிக்காவிட்டால் பெட்டி கோணிக்கொள்ளும். கடைசியில் வாய்ப்பக்கத்தைக் குத்தூசியால் துளைபோட்டு, பனை மட்டையில் கிழித்த நாரைக் கோத்துப் பொத்தி முடித்தார்.

அடியை நன்றாகத் துடைத்துப் பார்த்தபோதுதான் ஒரு மூலையில் ஓலையின் நிறமும் அகலமும் வேறாக இருப்பது தெரிந்தது. ஏற்கெனவே அங்கே ஒருமுறை ஓலை மாற்றியிருக்கிறது. அப்பத்தா கைவேலையாகத்தான் இருக்கும் என்றார் சித்தி, அவர் ஓலையைக் கொஞ்சம் அகலமாகத்தான் வாருவாராம். இப்போது அந்தப் பெட்டியைக் கவிழ்த்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் பழைய ஓலை, அதைவிட வெளிறிய அப்பத்தா ஓலை, பளிச்சென்று சித்தி ஓலை, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது. எனக்கு அந்தப் பெட்டியில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.

இதனால்தான் போன இதழில் ஒரு விஷயம் எனக்கு ஒப்பவில்லை. நிறையப் பேர் தங்கள் பொருளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிப் பத்திரமாக வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தார்கள். அவர்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காற்றுப்படாமல் வைத்த ஓலையில் பூஞ்சைதான் பிடிக்கும், எங்கள் உப்புக்காற்றில் எண்ணெய் காணாத இரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருவாகிவிடும். எங்கள் அம்மாவின் தையல் மிஷின் இன்னும் ஓடுகிறது என்றால் தினமும் மிதிக்கிறார் என்பதால்தான். பயன்படுத்துங்கள், கெட்டுப்போனால் சரிசெய்யுங்கள், சரிசெய்யத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். மரம் நின்றால் மட்டும் போதுமா, ஏறிக் குருத்தை அளவறிந்து வெட்டித் தர ஆள் வேண்டுமே. கண்டபடி குருத்தெடுத்தால் மரமே நொந்துபோகும். அதுவும் ஒரு கைவேலைதான்.

வலைக்காரர்களையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர் ஒருவர் மூங்கிலில் தானே செதுக்கிய வலை ஊசி வைத்திருக்கிறார், இப்போது எல்லோரிடமும் இருப்பது பிளாஸ்டிக் ஊசிதான். பருத்தி நூல் வலையைப் பட்டைச் சாயத்தில் முக்கி எடுத்த காலம், நைலான் வந்தது, தங்கூஸ் என்கிற ஒற்றை இழை நரம்பு வந்தது, எல்லாம் அந்த ஊசி பார்த்தது. இன்றைக்குக் கிழிந்து ஒதுக்கிய வலையை வெட்டி, வெங்காயம் தொங்கவிடுகிற பை பின்னிக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார். கிழிந்த வலை கடலில் கிடந்தால் ஆமை மாட்டிக்கொள்ளும், பையானால் அடுப்படியில் தொங்கும்.

சங்கு, சோழியில் செய்தவற்றையும் வாசகர்கள் அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன். கரையில் ஒதுங்கிய சாதாரணச் சிப்பியில் செய்தது என்றால் போடுங்கள். பவளப்பாறைத் துண்டை வைத்துச் செய்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். 1986இல் எங்கள் மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், பவளத்தை எடுப்பது சட்டப்படியும் குற்றம். வயர் கூடையை மட்டும் பிளாஸ்டிக் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு என்று மதிய நேரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பின்னிய கூடை அது, வருஷக்கணக்கில் சந்தைக்குப் போய் வந்தும் கைப்பிடி அறவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தங்கச்சிமடத்தில் எங்களுக்கு உறவுமுறையில் ஒரு ஆச்சி இருக்கிறார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியில் இருந்த அவர்கள் வீடு போய்விட்டது, அப்போது அவர் சின்னப் பிள்ளை. பாட்டி காலத்துப் பொருள் என்று காட்ட அவரிடம் ஒரு செம்புகூடக் கிடையாது. ஆனால் அவருடைய ஆத்தா சொல்லிக் கொடுத்த ஓலைக் கிலுகிலுப்பையை இன்றைக்கும் செய்கிறார். உள்ளே பொடிக்கல் நாலைந்து போட்டு மடக்கி, கைப்பிடி விட்டு, தெருவில் எந்தச் சாதி, எந்த மதத்துக் குழந்தை பிறந்தாலும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். குழந்தை அதைக் கடித்துப் பிய்த்துவிட்டால் இன்னொன்று. நீங்கள் பழைய பொருள் மட்டும் கேட்டால் அவர் உங்கள் பக்கத்துக்கு வரவே முடியாது. அதனால் அடுத்த அறிவிப்பில் "உங்களுக்குத் தெரிந்த கைவேலையையும் எழுதுங்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பரிசு, போட்டி எதுவும் வேண்டாம், பரிசு என்று வந்துவிட்டால் ஆச்சி மாதிரி ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

எங்கள் பெட்டியின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், அடிப்பக்கம் தெரிகிறமாதிரி எடுத்தது. கிலுகிலுப்பை செய்முறையையும் ஆச்சி சொல்லச் சொல்லத் தனித்தாளில் எழுதி, எந்த மடிப்புக்குப் பிறகு எது என்று படமும் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் இடமில்லையென்றால் பெட்டி அடுத்த மாதம் வரட்டும், குருத்தோலை கிடைக்கிற காலத்திலேயே கிலுகிலுப்பையைப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாயல்குடி அருகில், இராமநாதபுரம் மாவட்டம்