49-ஆ, 75-ஆ?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாய்லாந்தில் வெளிநாட்டவர் அடுக்குமாடி வீடு வாங்குவதற்கான வரம்பை 49 சதவீதத்திலிருந்து 75 ஆக உயர்த்தலாமா என்ற விவாதத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 ஜூனில் அந்நாட்டு அமைச்சரவை இதை ஆராயச் சொன்னதிலிருந்து 'நாட்டை விற்கிறார்கள்' என்று ஒரு பக்கமும் 'முதலீடு வரட்டுமே' என்று மறுபக்கமும் சத்தம்தான். இரு தரப்பும் கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

முதலில் ஒரு விஷயம். அந்த 49 சதவீதம் நாடு முழுவதற்குமான கணக்கு அல்ல. ஒவ்வொரு கட்டடத்திலும் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பளவுக்குத் தனித்தனியாகப் போடும் கணக்கு. ஒரு கட்டடத்தில் அது நிரம்பிவிட்டால், அங்கே தாய்லாந்துக்காரர் ஒருவர் தன் வீட்டை வெளிநாட்டவருக்கு விற்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் இடம் காலியாகவே கிடக்கலாம். பட்டாயா, புக்கெட் போன்ற சுற்றுலா ஊர்களில் தடையாக நிற்கும் வரம்பு, மற்ற ஊர்களில் யார் கண்ணிலும் படாது. அப்படியிருக்க, நாடு முழுக்க ஏன் உயர்த்த வேண்டும்?

தளர்த்துவதும் அவர்களுக்குப் புதிதல்ல. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் தாய்லாந்து நாணயமான பாட்டின் மதிப்பு சரிந்து, கட்டிய வீடுகள் விலை போகாமல் நின்றன. 1999-ல் சட்டத்தைத் திருத்தி, பாங்காக் முதலான சில பகுதிகளில் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் முழுக் கட்டடத்தையும் வெளிநாட்டவர் வாங்க வழிவிட்டார்கள். அதாவது, விற்காத வீடு தேங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். இதில் யாருடைய நலன் முன்னால் நிற்கிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

என் கவலை வேறு. ஒரு குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்தில் சில ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். லிஃப்ட் மாற்ற வேண்டும், தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று கூட்டம் போட்டால், அங்கே குடியிருப்பவர்கள்தான் வருவார்கள். வாங்கிப் பூட்டிவிட்டுப் போனவரோ தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார். அவர் உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை, ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. தாய்லாந்துச் சட்டப்படி உரிமையாளர் கூட்டத்துக்கு மொத்த வாக்குகளில் கால் பங்காவது வந்திருக்க வேண்டும். முக்கியமான சில முடிவுகளுக்கு மொத்த வாக்குகளில் பாதி தேவை. முக்கால்வாசி வீடுகள் எங்கோ இருப்பவர்கள் கையில் இருந்தால் அந்தப் பாதி எங்கிருந்து வரும்?

49-க்கு மேல் வாங்கும் வெளிநாட்டவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்ற யோசனையும் கூடவே வந்தது. இது இன்னும் மோசம். பராமரிப்புத் தொகையை மாதாமாதம் கட்டு, ஆனால் அது எப்படிச் செலவாகிறது என்று கேட்காதே என்றால், பணம் கட்டுபவர் சும்மா இருப்பாரா? உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் வாங்கி, அவர் வாக்கைத் தன் வாக்காக்கிக்கொள்வார். பினாமிகளைப் பிடிக்க ஏற்கெனவே திணறும் அதிகாரிகளுக்கு இது கூடுதல் வேலை.

சிங்கப்பூர் இதை வரியால் கையாள்கிறது. வெளிநாட்டவருக்கான கூடுதல் முத்திரை வரி 2011-ல் 10 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் 60. கனடா 2023-லிருந்து பெரும்பாலான வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கே தடை போட்டிருக்கிறது. இரண்டையும் அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. வரியில் ஒரு சௌகரியம் உண்டு: விலை ஏறும்போது கூட்டலாம், தேங்கும்போது குறைக்கலாம். சதவீத வரம்பு அப்படியல்ல. ஒருமுறை 75 ஆக்கி விற்றுவிட்டால், வாங்கியவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பிடுங்க முடியாது.

75-க்குப் போகும் முன், எத்தனை கட்டடங்களில் 49 உண்மையிலேயே நிரம்பியிருக்கிறது, அவற்றில் எத்தனை வீடுகளில் இரவில் விளக்கு எரிகிறது என்ற பட்டியலை அரசு வெளியிடட்டும். உங்கள் கட்டுரையாளரும் அடுத்த முறை அதைக் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்