புது ஸ்போர்ட்ஸ் காரைப் பொத்திப் பொத்தி ஓட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புது ஸ்போர்ட்ஸ் கார் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில் பெயின்டுக்கும் தோல் இருக்கைக்கும் சொன்னவை எல்லாம் சரிதான். இன்ஜின், பிரேக், டயர் பகுதிதான் இடிக்கிறது. “முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை 2000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாமல், நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள் (ஆர்.பி.எம். என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது). நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அப்படி ஓட்டினால் இன்ஜின் பழகாது.

சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையிலேயே குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங் அந்தச் சுவரில் உரசி உரசித்தான் படிய வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் அதன் சொந்த விறைப்புக்குப் பங்கு குறைவு. எரியும் வாயுவின் அழுத்தம்தான் முக்கியம். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் வராது. ரிங் படியும் முன்பே சுவர் வழவழப்பாகிவிட்டால் இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடும்.

ஆயில் சூடான பிறகு, மூன்றாவது, நான்காவது கியரில் 2500-லிருந்து 4000 ஆர்.பி.எம். வரை பாதி மிதியில் ஏற்றிவிட்டு, காலை எடுத்து அதே கியரில் வேகம் இறங்க விட வேண்டும். இப்படி ஏற்றியும் இறக்கியும் ஓட்டுவதுதான் பழக்குவது. முழு மிதி, நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல், அதிகபட்ச வேகம் மூன்றும் அப்போது கூடாது. எல்லை எது என்பதற்கு அந்தந்தக் கார் கையேடுதான் கணக்கு. பிஎம்டபிள்யூ எம் மாடல்கள் பலவற்றில் 2000 கி.மீ. வரை 5500 ஆர்.பி.எம்.; அது முடிந்ததும் இன்ஜின் ஆயில், ஃபில்டர், டிஃபரென்ஷியல் (இன்ஜின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். ரிங்கும் பல்சக்கரங்களும் படியும்போது உதிரும் உலோகத் துகள் அந்த ஆயிலில்தான் இருக்கும். இந்த சர்வீஸை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

கட்டுரையில் ஆயில் வெப்பநிலை என்ற பேச்சே வரவில்லை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப முள் நடுவுக்கு வந்ததும் ‘இன்ஜின் சூடாகிவிட்டது’ என்று விரட்டத் தொடங்குகிறவர்கள் அதிகம். ஆயில் சூடேற அதைவிட வெகுநேரம் பிடிக்கும். ஆயில் 80 டிகிரியைத் தொடும் வரை ஆர்.பி.எம். மீட்டரில் உச்ச எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டின் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதற்காக நிறுத்திய இடத்திலேயே உறும விட்டு சூடேற்றவும் வேண்டாம். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், எரியாத மிச்சம் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பிவிடலாம். டர்போ காராக இருந்தால் திரும்பி வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டிவிட்டு அணைக்க வேண்டும். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் அங்கேயே கருகிப் படியும்.

ஆயில் அளவிலும் ஒரு சங்கதி. ட்ரை சம்ப் இன்ஜின்கள் (ஆயிலை இன்ஜினுக்கு அடியில் அல்லாமல் தனித் தொட்டியில் வைத்திருப்பவை) பலவற்றில் ஆயில் சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு சரியாகத் தெரியும். குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

அடுத்தது பிரேக். புது பேடும் (அழுத்தும் கட்டை) அது கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) ஒன்றோடொன்று பழகாமல் முழுப் பிடி கிடைக்காது. இரும்பு டிஸ்க் என்றால், பின்னால் வண்டி வராத சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள், மணிக்கு 100 கி.மீ.-லிருந்து 30 வரை எட்டுப் பத்து தடவை ஓரளவு அழுத்தமாக மிதிக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு அல்ல. ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓட்டியபடியே பிரேக்கை ஆற விட்டு, கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் போதும். இதில் வண்டியை முழுதாக நிறுத்தி மிதியை அழுத்திப் பிடிப்பதுதான் பெரிய தவறு. கொதிக்கும் பேட் டிஸ்க்கின் ஒரே இடத்தில் ஒட்டித் திட்டாகப் படிந்துவிடும், பிறகு ஸ்டியரிங் நடுங்கும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று மாற்றப்படுபவற்றில் பல உண்மையில் வளைந்திருப்பதில்லை; இந்தத் திட்டுதான் காரணம். கார்பன் செராமிக் டிஸ்க்குக்கு முறை வேறு, கையேட்டைப் பாருங்கள். வீல் கழுவ அமிலம் கலந்த கிளீனரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு கிளட்ச்களால் தானே கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் பாதிப் பிடியிலேயே வழுக்கிச் சூடேறும். முன்னால் இடைவெளி விழட்டும், பிறகு ஒரேயடியாக நகர்ந்து முழுதாக நில்லுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்த கிளட்சுக்கு எமன்.

ஓட்டாமல் நிறுத்தும் காருக்கு “வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யுங்கள்” என்றது பழைய வழக்கம். ஐந்து நிமிடத்தில் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகாது. எரிவதால் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும். பேட்டரியை மெதுவாக சார்ஜ் செய்து நிலையாக வைத்திருக்கும் பராமரிப்பு சார்ஜரை மாட்டிவிட்டு, இன்ஜினைத் தொடாமல் விடுவதே மேல். பேட்டரி லித்தியம் வகையா என்று முதலில் பாருங்கள், அதற்கான சார்ஜர் தனி.

கடைசியாக, டயர் பெட்டிச் செய்தியில் அச்சான காற்றழுத்த எண்கள் டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டியவை என்று எங்கும் குறிப்பிடவில்லை. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் அழுத்தம் சுமார் 0.1 பார் (காற்றழுத்த அலகு) கூடும். வேகமாக ஓட்டி முடித்து, 2.3 இருக்க வேண்டிய இடத்தில் 2.7 காட்டுகிறதே என்று யாராவது காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் 1.9-இல் நிற்கும். அதே நிலையில் அதிவேகமாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கவும் கூடும். ஆகவே இந்த ஒன்றுக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்